28 வருடம் வெளிவராத ஆல்பம்: பெட்டி லவெட்டின் 1972 பதிவுகள்

1972-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஷெஃபீல்ட் என்ற சின்ன ஊரில் ஒரு பாடகி முழு ஆல்பம் ஒன்றைப் பாடி முடித்தார். பெட்டி லவெட் என்பது அவர் பெயர். அப்போது வயது 26. பத்து வருடமாகத் தொழிலில் இருந்தவர், ஆனாலும் அவர் பெயரில் ஒரு எல்.பி. (முழு நீள இசைத்தட்டு) கூட அதுவரை வந்திருக்கவில்லை. இதுதான் முதலாவதாக வந்திருக்க வேண்டும். ‘சைல்ட் ஆஃப் தி செவன்டீஸ்’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது. நல்ல தயாரிப்பாளர், அந்தக் காலத்து மிகச் சிறந்த பக்கவாத்தியக்காரர்கள், பின்னால் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய நிறுவனம். எல்லாம் கூடி வந்த பிறகு நிறுவனம் ஆல்பத்தை வெளியிடாமல் நிறுத்திவிட்டது. கடைசியில் அது வெளிவந்தது 2000-இல், அதுவும் பிரான்ஸில், ஒரு தனி சேகரிப்பாளரின் முயற்சியால்.

சோல் என்ற கறுப்பின அமெரிக்க இசைவகையின் பழைய பாடகிகளில் பேசப்படாமல் போனவர்களைப் பற்றிப் படிக்கும்போது, மக்கள் அவர்களைக் கேட்டுவிட்டு மறந்துவிட்டார்கள் என்பது போன்ற தொனி பெரும்பாலும் இருக்கும். இந்த ஆல்பத்தின் கதை அப்படியில்லை. கேட்டுப் பார்த்து மறக்கக்கூட அன்று யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. பாட்டின் தரத்துக்கும் அது வெளிவராமல் போனதற்கும் சம்பந்தமே இல்லை என்பது என் முடிவு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குப் பதிவுகளிலிருந்தே ஆதாரம் காட்ட முடியும்.

பாடகியின் பின்னணி

லவெட் 1946-இல் மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கிகனில் பிறந்தார். இயற்பெயர் பெட்டி ஜோ ஹாஸ்கின்ஸ். வளர்ந்தது டெட்ராய்ட்டில். வீட்டிலேயே பெற்றோர் சாராயம் விற்றார்கள், கூடத்தில் காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக்பாக்ஸ் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஊருக்கு வரும் காஸ்பெல் என்ற கிறிஸ்தவ பக்திப் பாட்டுக் குழுக்காரர்கள்கூட அங்கே வந்து போவார்கள். அந்தத் தலைமுறைச் சோல் பாடகிகளில் ஏறக்குறைய எல்லோரும் தேவாலயத்தில் பாடித் தேறியவர்கள். லவெட் அப்படி வந்தவர் அல்ல. ப்ளூஸ், கன்ட்ரி, ஆர் அண்ட் பி என்று ஜூக்பாக்ஸில் விழுந்ததையெல்லாம் கேட்டு வளர்ந்தவர். அவர் குரலில் தேவாலயப் பாட்டின் வானை எட்டும் தூக்கல் குறைவு. எதிரில் உட்கார்ந்து ஒருவர் பேசுவது போன்ற நெருக்கம்தான் அதிகம். கரகரப்பான, கீழ்ஸ்தாயியில் உறுதியாக நிற்கும் குரல்.

16 வயதில், 1962-இல், ‘மை மேன் – ஹீ இஸ் எ லவின் மேன்’ பதிவானது. தயாரித்தவர் ஜானி மே மாத்யூஸ், டெட்ராய்ட்டில் சொந்தமாக லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) நடத்திய கறுப்பினப் பெண். அட்லாண்டிக் நிறுவனம் அந்தப் பாட்டை வாங்கி நாடெங்கும் வெளியிட்டது. கறுப்பின இசைக்கான தரவரிசையான ஆர் அண்ட் பி பட்டியலில் 7-ஆம் இடம் வரை போனது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாத வயது. ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கச் சொல்லி அவரே கேட்டு வெளியே வந்தார்.

1965-இல் நியூயார்க்கின் கல்லா லேபிளுக்காக ‘லெட் மீ டவுன் ஈஸி’. பட்டியலில் 20-ஆம் இடம்தான். ஆனால் சோல் ரசிகர்கள் இன்றும் லவெட்டின் முத்திரைப் பாட்டாகச் சொல்வது இதைத்தான். பின்னணியில் வயலின்கள் அளவெடுத்து நடக்க, குரல் மட்டும் அந்த ஒழுங்கைப் பிய்த்துக்கொண்டு வரும். பிரிந்து போகிறவனிடம் கெஞ்சுகிற பாட்டு. 19 வயதுப் பெண் பாடியது என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

பிறகு 1969-இல் மெம்ஃபிஸில், லெலன் ராஜர்ஸின் சில்வர் ஃபாக்ஸ் லேபிளில் சில பாடல்கள். ‘ஹீ மேட் எ வுமன் அவுட் ஆஃப் மீ’ ஆர் அண்ட் பி பட்டியலில் 25-ஆம் இடம் பிடித்தது. மெம்ஃபிஸ் பதிவுகளிலும் ஓர் ஆல்பத்துக்கான சரக்கு இருந்தது, அதுவும் அப்போது ஆல்பமாகவில்லை.

இந்த மூன்று வெற்றிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் பிரச்சினை புரிந்துவிடும். 1962, 1965, 1969. மூன்றும் மூன்று வெவ்வேறு நிறுவனங்கள். அந்தக் காலத்தில் சோல் இசை, பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட 45 ஆர்.பி.எம். சிங்கிள் இசைத்தட்டுகளில் ஓடிய வியாபாரம். ஒரே லேபிளில் அடுத்தடுத்து இரண்டு மூன்று சிங்கிள்கள் ஓடினால், அவற்றோடு இன்னும் சில பாட்டுகளைச் சேர்த்து எல்.பி. போடுவார்கள். நிறுவனம் மாறும்போதெல்லாம் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய பதிவுகளின் மாஸ்டர் டேப் (மூல ஒலிநாடா) பழைய நிறுவனத்திடமே தங்கிவிடும். புதியவரிடம் கையில் எதுவும் இருக்காது. ஏழு வருடத்தில் மூன்று முறை பட்டியலில் ஏறிய ஒருவருக்கு ஒரு எல்.பி. கூட இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும்: மேலாளர் ஜிம் லூயிஸ். ஜிம்மி லன்ஸ்ஃபோர்டின் ஜாஸ் பேண்டில் டிராம்போன் வாசித்தவர். சிங்கிள் ஓடுவதை நம்பிப் பிழைக்க முடியாது, எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் எந்த மேடையிலும் பாடத் தெரிய வேண்டும் என்று லவெட்டிடம் கறாராகச் சொன்னவர். பழைய ஸ்டாண்டர்டு பாடல்களைக் கற்றுக்கொள்ள வைத்தார். பின்னால் வந்த வறண்ட வருடங்களில் லவெட்டுக்குச் சோறு போட்டது அந்தப் பயிற்சிதான்.

ஷெஃபீல்டில் என்ன பதிவானது

1972-இல் லவெட் மறுபடி அட்லாண்டிக் குடும்பத்துக்குள் வந்தார், இம்முறை அதன் துணை லேபிளான அட்கோவுக்கு. முதலில் நீல் யங்கின் ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ சிங்கிளாக வந்தது. அப்புறம் முழு ஆல்பத்துக்காக அவரை மஸ்ல் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டுடியோவுக்கு அனுப்பினார்கள்.

3614, ஜாக்சன் ஹைவே என்ற முகவரியில் இருந்த சாதாரணக் கட்டடம் அது. டிரம்ஸ் ராஜர் ஹாக்கின்ஸ், பேஸ் டேவிட் ஹூட், கிட்டார் ஜிம்மி ஜான்சன், கீபோர்டு பாரி பெக்கெட். ரிக் ஹாலின் ஃபேம் ஸ்டுடியோவிலிருந்து 1969-இல் வெளியேறி, இந்த நால்வரும் சொந்தமாகத் தொடங்கிய இடம். நால்வரும் வெள்ளையர்கள். கறுப்பினப் பாடகர்களின் எத்தனையோ பெரிய பதிவுகளுக்கு முதுகெலும்பாக இருந்தவர்கள். ஸ்டேபிள் சிங்கர்ஸின் ‘ஐ வில் டேக் யூ தேர்’ இந்த ஸ்டுடியோவில் பதிவாகி, அதே 1972-இல் நாட்டின் முதலிடத்துக்குப் போனது. லவெட்டின் ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர் பிராட் ஷபிரோ. இவர் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாடல் தேர்வைப் பாருங்கள். நாட்டுப்புறப் பாணியில் எழுதிய ஜான் பிரைனின் ‘சூவனியர்ஸ்’. ஃப்ரீ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘தி ஸ்டீலர்’. ரான் டேவிஸ் எழுதி, டேவிட் போவியும் பாடிய ‘இட் எய்ன்ட் ஈஸி’. ஆலன் டூசான் எழுதிய நியூ ஆர்லியன்ஸ் பாட்டான ‘ஃபார்ச்சூன் டெல்லர்’. ஜோ சைமனின் சோல் வெற்றியிலிருந்து ‘யுவர் டர்ன் டு க்ரை’. ராக், ஃபோக், சோல் மூன்றும் ஒரே குரலின் கீழ் வந்து நிற்கின்றன. 1972-இல் ஒரு கறுப்பினப் பாடகியின் முதல் ஆல்பம் என்ற கோணத்தில் பார்த்தால் இது துணிச்சலான தேர்வு.

எல்லாப் பாட்டும் ஒரே உயரத்தில் இல்லை. ‘சோல் டாம்பரின்’ எனக்கு இடத்தை நிரப்பும் பாட்டாகத்தான் படுகிறது. ‘ஃபார்ச்சூன் டெல்லர்’ ஜாலியாகப் போகிறது, அவ்வளவுதான். ஆனால் ‘தி ஸ்டீலர்’ கேளுங்கள். ராக் குழுவில் அது ஆணின் வேட்டைப் பெருமை. லவெட் பாடும்போது அதே துள்ளலில் ஒரு பெண்ணின் அதிகாரம் வந்து உட்காருகிறது. ஹாக்கின்ஸும் ஹூட்டும் கீழே தாளத்தை இறுக்கிப் பிடித்திருப்பதால், மேலே அவர் எங்கு வேண்டுமானாலும் தாமதித்து இறங்க முடிகிறது. ‘சூவனியர்ஸ்’ வேறு விதம். இழந்த நாட்களைப் பற்றிய பாட்டு. அழுகையைக் கூட்டிப் பாட எல்லா வாய்ப்பும் இருந்தும், அவர் அடக்கித்தான் பாடுகிறார்.

ஆல்பத்தின் உச்சம் ‘யுவர் டர்ன் டு க்ரை’. ஜோ சைமன் பாடியதில் ஆழ்ந்த, அமைதியான குரலில் ஓர் எச்சரிக்கை இருக்கும்; உன் முறையும் வரும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். லவெட்டிடம் எச்சரிக்கைக்கு முன்னால் அதற்கான காரணம் கேட்கிறது. முதல் வரிகளை ஏறக்குறையப் பேச்சு போலத் தொடங்குகிறார். குரல் உயரும்போது கரகரப்பும் கூடுகிறது. கடைசிப் பகுதியில் சுரத்தைத் தொட்டும் தொடாமலும் வெடிக்கிறது. பழிவாங்கும் சந்தோஷம் துளிகூட இல்லை. நானும் அழுது முடித்துவிட்டேன், இப்போது சொல்கிறேன் என்ற தொனி. என்னைக் கேட்டால், அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த சோல் பாடல்களின் எந்தப் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு.

நிறுத்தப்பட்டது

‘யுவர் டர்ன் டு க்ரை’ 1973-இல் அட்கோ சிங்கிளாக வந்தது, பட்டியலில் ஏறவில்லை. ஆல்பம் நிறுத்தப்பட்டது. ஏன் என்று லவெட்டிடம் யாரும் சொல்லவில்லை. செய்தி கேட்டதும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டு படுத்துவிட்டதாகப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நிறுவனம் காரணம் சொல்லாததால் சூழ்நிலையை வைத்துத்தான் நாம் பேச முடியும். அட்லாண்டிக் 1967-இல் வார்னர்–செவன் ஆர்ட்ஸுக்கு விற்கப்பட்டிருந்தது. மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் லேபிளோடு இருந்த விநியோக உறவு 1968-இல் முடிந்துபோனது. லெட் செப்பெலின், க்ராஸ்பி–ஸ்டில்ஸ்–நாஷ் அண்ட் யங் என்று பெரும் பணம் ராக் எல்.பி.களிலிருந்து வரத் தொடங்கியிருந்தது. 1971 முதல் ரோலிங் ஸ்டோன்ஸின் விநியோகமும் அவர்களிடம். பெண் குரல் என்றால் அரீதா ஃபிராங்க்ளின் ஏற்கெனவே அங்கே இருந்தார். 1972-இல் ராபர்ட்டா ஃப்ளாக் ஆறு வாரம் நாட்டின் முதலிடத்தில் இருந்தார். ஒரே கூரையின் கீழ் இரண்டு பெரிய பாடகிகள் விற்றுக்கொண்டிருக்கும்போது, மூன்றாமவருக்காகப் பணமும் ஆளும் ஒதுக்கிப் போராட யாராவது ஒருவர் அலுவலகத்தில் வேண்டும். லவெட்டுக்கு அப்படி யாரும் இல்லை என்பதுதான் நடந்ததிலிருந்து தெரிகிறது.

பாடல் தேர்வும் வியாபாரத்துக்கு இடைஞ்சலாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். கறுப்பின வானொலி நிலையங்கள் ஒரு பக்கம், வெள்ளை இளைஞர்களின் எஃப்.எம். ராக் நிலையங்கள் இன்னொரு பக்கம் என்று பிரிந்துகிடந்த காலம். ஜான் பிரைன் பாட்டைப் பாடும் சோல் பாடகியை எந்த நிலையத்துக்கு அனுப்புவது? ‘யுவர் டர்ன் டு க்ரை’ சிங்கிள் ஓடாததும், இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதைவிட ஆல்பத்தை நிறுத்துவது சுலபமாகப் போயிருக்கும்.

பதிவில் குறை இருந்தது என்று சொல்ல வழியில்லை என்பதற்கு நல்ல ஒப்பீடு ஒன்று உண்டு. அதே பிராட் ஷபிரோ, அதே ஸ்டுடியோவுக்குப் போய், அதே வாத்தியக்காரர்களோடு 1974-இல் இன்னொரு பாடகியோடு வேலை செய்தார். மில்லி ஜாக்சனின் ‘காட் அப்’. அவரும் கரகரப்பான குரல்காரர், பேச்சும் பாட்டுமாகக் கலந்து தருபவர். ஸ்பிரிங் என்ற சிறிய லேபிள் அதை வெளியிட்டது. பெரும் வெற்றி, தங்க இசைத்தட்டு. இடைப்பட்ட இரண்டு வருடத்தில் ரசனை கொஞ்சம் மாறியிருக்கலாம், சரி. ஆனால் மில்லி ஜாக்சனுக்கு ஸ்பிரிங்கில் ஏற்கெனவே தொடர்ச்சியாகச் சிங்கிள்கள் வந்திருந்தன. அவர் அந்த லேபிளின் முக்கியப் பாடகி. அட்கோவில் லவெட் கூட்டத்தில் ஒருவர்.

லவெட்டுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. நியூ ஆர்லியன்ஸின் இர்மா தாமஸ், ‘டைம் இஸ் ஆன் மை சைட்’ பாட்டை ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்பே பாடியவர். அவரையும் அட்லாண்டிக் 1971-இல் தன் இன்னொரு துணை லேபிளான கொட்டிலியனில் சேர்த்தது. பல ஊர்களில், பல தயாரிப்பாளர்களோடு பதிவு நடந்தது. வெளிவந்தது ‘ஃபுல் டைம் வுமன்’ என்ற ஒரே ஒரு சிங்கிள். மீதி டேப்பாகவே கிடந்து, 2014-இல் ரியல் கான் மியூசிக் என்ற மறுவெளியீட்டு லேபிள் மூலம் தொகுப்பாக வந்தது. ஒரே நிறுவனம், ஒரே காலம், இரண்டு பெரிய பாடகிகளின் ஆல்பங்கள். தற்செயல் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

டோரிஸ் டியூக்குக்கு நேர்ந்தது இன்னொரு வகை. ‘ஐ ஆம் எ லூசர்’ என்ற அவருடைய 1970 ஆல்பம் ஜார்ஜியாவின் மேகன் நகரில் பதிவானது, தயாரிப்பாளர் ஸ்வாம்ப் டாக். அதிலிருந்து ஒரு சிங்கிள் ஆர் அண்ட் பி முதல் பத்துக்குள் வந்தது. ஆனால் வெளியிட்ட கேன்யன் லேபிள் நொடித்துப்போனது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வைத்து விற்க ஆளில்லை. பெரிய நிறுவனத்தில் மாட்டினால் இடையில் தொலைந்துபோவது, சிறிய நிறுவனத்தில் சேர்ந்தால் அதோடு சேர்ந்து மூழ்குவது. அந்தக் காலச் சோல் பாடகிகளுக்கு முன்னால் இருந்த வழிகள் இவ்வளவுதான்.

இடைப்பட்ட வருடங்கள்

லவெட் பாடுவதை நிறுத்தவில்லை. 1978-இல் வெஸ்ட் எண்ட் லேபிளுக்கு ‘டூயின் தி பெஸ்ட் தட் ஐ கேன்’ என்ற டிஸ்கோ பாட்டு. நடனக் கூடங்களில் ஓடியது. ‘பப்ளிங் பிரவுன் சுகர்’ என்ற இசை நாடகத்தில் ஊர் ஊராகப் போய் நடித்தார், ஆடினார், பாடினார். 1982-இல், 36 வயதில், டெட்ராய்ட்டில் பிறந்த புகழ்பெற்ற லேபிளான மோடவுன் மூலம் முதல் ஆல்பம் ‘டெல் மீ எ லை’ வந்தது. முதல் சிங்கிளுக்கும் முதல் எல்.பி.க்கும் நடுவே 20 வருடம். டெட்ராய்ட்டில் வளர்ந்தவர் கடைசியில் மோடவுனுக்கு வந்தார், ஆனால் பதிவு நடந்தது நாஷ்வில்லில். அதன்பின் பல வருடங்கள் டெட்ராய்ட்டின் சிறிய கிளப்புகள்தான் அவருக்கு மேடை.

டேப் திரும்பி வந்த வழி

ஸ்டுடியோவில் பதிவான மாஸ்டர் டேப் பாடகிக்குச் சொந்தமல்ல. செலவு செய்த நிறுவனத்துக்குத்தான் உரிமை. வெளியிடாமல் வைத்திருக்கவும் அதற்கு உரிமை உண்டு. வேறு யாரிடமும் போய் வெளியிடப் பாடகிக்கு வழியில்லை. இந்தப் பூட்டை வெளியிலிருந்து திறக்க ஒரே சாவி உரிம ஒப்பந்தம். இன்னொரு லேபிள் வந்து பணம் கொடுத்து, வெளியிடும் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு முதலில் இப்படி ஒரு டேப் இருக்கிறது என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்தவர் ஜில் பெத்தார், பிரெஞ்சு சோல் சேகரிப்பாளர். சிங்கிளைக் கேட்டவருக்கு மீதி ஆல்பம் எங்கே என்ற கேள்வி விடவில்லை. டேப்புகள் தீயில் போய்விட்டன என்றே கருதப்பட்டது. நம்பக்கூடிய பதில்தான்: 1978 பிப்ரவரியில் நியூஜெர்சியின் லாங் பிராஞ்சில் அட்லாண்டிக்கின் டேப் கிடங்கு எரிந்து, வெளிவராத பதிவுகள் ஆயிரக்கணக்கில் அழிந்தது உண்மை. அந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு, கண்ணில் படாத எந்த டேப்பையும் எரிந்த கணக்கில் எழுதிவிடுவது எளிதாகிவிட்டது. பெத்தார் விடவில்லை. 1999-இல் மறுபடி தேடியதில் மாஸ்டர்கள் பத்திரமாக இருந்தன. அட்லாண்டிக்கிடம் உரிமம் வாங்கி, 2000-இல் தன்னுடைய ஆர்ட் அண்ட் சோல் லேபிளில் ‘சூவனியர்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டார்.

அதே ஆண்டு நெதர்லாந்திலிருந்து லவெட்டின் நேரடிக் கச்சேரி ஆல்பம் ஒன்றும் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்து வந்ததுதான் முக்கியம். பழைய பதிவு மட்டும் வந்திருந்தால் சேகரிப்பாளர்களின் அலமாரியில் இன்னொரு தட்டாக நின்றிருக்கும். பாடியவர் உயிரோடு, குரல் இன்னும் முற்றிய நிலையில், மேடையில் நிற்கிறார் என்பதும் கூடவே தெரிந்ததால் அமெரிக்காவிலும் காதுகள் திரும்பின. 2003-இல் ‘எ வுமன் லைக் மீ’. அதற்கு மறுவருடம் ப்ளூஸ் இசைக்கான டபிள்யூ.சி. ஹேண்டி விருது. 2005-இல் ஆன்டி லேபிளில் ஜோ ஹென்றி தயாரித்த ஆல்பம், முழுக்கப் பெண்கள் எழுதிய பாடல்கள். 2006-இல் ரைனோ ஹேண்ட்மேட் என்ற மறுவெளியீட்டு லேபிள், 1972 பதிவுகளை ‘சைல்ட் ஆஃப் தி செவன்டீஸ்’ என்ற அசல் பெயரிலேயே அமெரிக்காவில் கொண்டுவந்தது.

2007-இல் லவெட், ஷெஃபீல்டை ஒட்டிய மஸ்ல் ஷோல்ஸுக்கே திரும்பினார், இம்முறை ஃபேம் ஸ்டுடியோவுக்கு. உடன் வாசித்தது டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்ற ராக் குழு. அதன் பேட்டர்சன் ஹூட், 1972-இல் லவெட்டுக்குப் பேஸ் வாசித்த டேவிட் ஹூட்டின் மகன். ஆல்பத்தின் பெயர் ‘தி சீன் ஆஃப் தி கிரைம்’, அதாவது குற்றம் நடந்த இடம். குற்றம் எது என்பதில் லவெட்டுக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஆல்பம் கிராமி விருதுக்குப் பரிந்துரையானது.

இந்தப் பாடகியை இதுவரை கேட்காதவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் ‘யுவர் டர்ன் டு க்ரை’, நல்ல ஹெட்போனில், ஒரே மூச்சில் இரண்டு முறை. பிறகு 1965-இன் ‘லெட் மீ டவுன் ஈஸி’. ஏழு வருடத்தில் குரலுக்குள் என்ன சேர்ந்தது என்பது தெரியும். அடுத்து 1972 ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை. பின்னர் 2008 டிசம்பரில் கென்னடி சென்டரில், தி ஹூ குழுவைக் கௌரவித்த விழாவில் அவர் பாடிய ‘லவ் ரெய்ன் ஓவர் மீ’. பிரிட்டிஷ் ராக் பாட்டைத் தன் பாட்டாக்கும் அந்த வித்தை ‘தி ஸ்டீலர்’ பாட்டிலேயே முழுதாக இருக்கிறது. அப்புறம் இர்மா தாமஸின் கொட்டிலியன் பதிவுகளுக்குப் போங்கள். அவற்றைப் பற்றி இன்னும் மிகக் குறைவாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.